அமெரிக்கா எம்.எஸ்., ஜெர்மனி எம்.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ்: ஜூன் மாசம் எதுலிருந்து ஆரம்பிக்கிறதுங்க?

ஊத்துக்குளி_வெண்ணெய்

வணக்கமுங்க. பெருந்துறைப் பக்கம் ஒரு தன்னாட்சிக் கல்லூரியில பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ், கடைசி வருசம் தொடங்குது. சிஜிபிஏ 8.2, அரியர் இல்லை. புராஜெக்ட், பின்னலாடைத் துணியில ஓட்டை, கறை, ஊசிக்கோடு இதையெல்லாம் கேமரா வெச்சுக் கண்டுபிடிக்கிறது. அடுத்த வருசம் சேர்ற மாதிரி அமெரிக்கா, ஜெர்மனி ரெண்டுக்கும் போடலாம்னு இருக்கேன். காந்திபுரத்துல ஒரு கன்சல்டன்சியில எஸ்ஓபி (ஏன் படிக்க வர்றேன்னு எழுதற நோக்கக் கட்டுரை), எல்ஓஆர் (பேராசிரியர் தர்ற பரிந்துரைக் கடிதம்), எட்டு காலேஜுக்கு விண்ணப்பம் எல்லாம் அவங்களே முடிச்சுத் தர்றதாச் சொல்றாங்க. சாருங்களும் "நீயே டைப் பண்ணிக் கொண்டா, கையெழுத்துப் போடறேன்"னுதான் சொல்றாங்க. அது போதுங்களா? 8.2-ஐ அமெரிக்காவுல மாதிரி நாலுக்கு எவ்வளவுன்னு மாத்திப் போடணுமா? ஜிஆர்ஈ நுழைவுப் பரீட்சை எழுதணுமா? வீட்டுல தென்னந்தோப்பு இருக்கு, அதை வெச்சு லோன் வாங்கிக்கலாம்னு அப்பா சொல்றார்.

நொய்யல்கரை

முதல்ல எல்ஓஆர். மத்ததெல்லாம் உங்க கையில இருக்கு, இது மட்டும் மூணு பேரோட நேரத்துல இருக்கு.

அமெரிக்கக் கல்லூரிகள்ல அந்தக் கடிதம் உங்க கைக்கே வராது. விண்ணப்பத்துல சாரோட பேரும் மெயிலும் கொடுத்தா அவருக்கு நேரா லிங்க் போகும், அவரே ஏத்தணும். கல்லூரி மெயில் முகவரியைக் கொடுங்க. ஜிமெயில்னா சந்தேகமாப் பார்ப்பாங்க. சார் பேர்ல ஒரு ஐடி ஆரம்பிச்சு வேற யாரோ ஏத்துறது மோசடி. கன்சல்டன்சி செஞ்சாலும் மாட்டுறது உங்க பேருதான், சேர்ந்த பிறகுகூட அட்மிஷன் ரத்தாகலாம். 'கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறேன்'னு ஒரு கட்டம் வரும், அதை டிக் பண்ணிடுங்க. பண்ணலைன்னா, நீங்க பார்ப்பீங்கன்னு சார் பூசி மெழுகி எழுதினதா வாசிக்கிறவங்க நினைச்சுக்குவாங்க.

டைப் பண்ணிக் கொண்டான்னு சொன்னா, கடிதத்தை டைப் பண்ணாதீங்க. ஒரு பக்கக் குறிப்பைக் கொடுங்க. அவர்கிட்ட எந்தப் பாடம் படிச்சீங்க, என்ன கிரேடு, லேப்ல என்ன செஞ்சீங்க, எந்தெந்தக் கல்லூரி, கடைசித் தேதி என்ன. "ஒழுக்கமான, கடின உழைப்பாளி மாணவர்"னு எழுதினா எடை இல்லை. "ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ் லேப்ல எக்ஸ்வி6-ங்கிற பயிற்சி ஆபரேட்டிங் சிஸ்டத்துல, புரோகிராம்களுக்கு முறை வெச்சு சிபியு நேரம் தர்ற ரவுண்ட் ராபின் ஸ்கெட்யூலரை எடுத்துட்டு, குலுக்கல் முறையில தர்ற லாட்டரி ஸ்கெட்யூலிங் எழுதினார், டிக்கெட் விகிதத்துக்கு ஏத்தபடி சிபியு நேரம் பிரியுதான்னு அளந்தும் காட்டினார்"னு ஒரு வரி இருந்தா அதுக்கு எடை உண்டு. யார் மூணு பேர்னா: புராஜெக்ட் கைடு, ரெண்டு பாடமாவது எடுத்த ஒருத்தர், இன்டர்ன்ஷிப் மேனேஜர் இல்லைன்னா இன்னொரு பேராசிரியர். உங்களை முகம் தெரியாத எச்ஓடி வேண்டாம். பதவிக்காக யாரும் மதிப்பு போடறதில்லை. ஆகஸ்ட்லயே கேட்டுடுங்க, நவம்பர்ல ஒரு தடவை ஞாபகப்படுத்துங்க.

எஸ்ஓபி ரெண்டு பக்கத்துக்கு மேல போக வேண்டாம். சின்ன வயசுல கம்ப்யூட்டர் பார்த்து வியந்த பத்தி இருந்தா அப்படியே வெட்டிடுங்க. உங்க புராஜெக்டே நல்ல சரக்கு, ஆனா "98 சதவீதம் அக்யூரசி"ன்னு மட்டும் எழுதிடாதீங்க. நூறு படத்துல ரெண்டுலதான் குறை இருக்குன்னா, கண்ணை மூடிட்டு எல்லாமே நல்ல துணின்னு சொல்ற மாடலுக்கும் 98 வந்துடும். குறைகள்ல எத்தனையைப் பிடிச்சுது, எத்தனை நல்ல துணியைக் குறைன்னு சொல்லுச்சு, அதைக் கொடுங்க. இன்னொண்ணு: ஊசி உடைஞ்சா கோடு துணி நெடுக ஒரே இடத்துல தொடர்ந்து வரும். அதே ரோல்ல எடுத்த படங்களை டிரெயின்லயும் (மாடலுக்குக் கத்துக்கொடுக்கிற படங்கள்) டெஸ்ட்லயும் (சோதிச்சுப் பார்க்கிற படங்கள்) கலந்து போட்டிருந்தா மாடல் பார்த்ததையேதான் மறுபடி பார்க்குது. ரோல் வாரியாப் பிரிச்சு மறுபடி ஓட்டுங்க. நம்பர் இறங்கும், இறங்கட்டும். ஏன் இறங்குச்சுன்னு ரெண்டு வரி எழுதினீங்கன்னா பாதி எஸ்ஓபி முடிஞ்சுது. இதைக் கன்சல்டன்சிக்காரர் எப்படிங்க எழுதுவார்?

அந்தியூர்_சந்தை

ஜெர்மனி பத்தி மட்டும் சொல்றேன்.

ஏபிஎஸ் சான்றிதழ் (நம் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தருவது) 2022 நவம்பரிலிருந்து இந்திய மாணவர்களுக்குக் கட்டாயம். கட்டணம் 18,000 ரூபாய். சான்றிதழ் வர வாரக்கணக்கில் ஆகும், கூட்டம் சேரும் மாதங்களில் இன்னும் இழுக்கும். அதனால் விண்ணப்பத் தேதி பார்த்த பிறகு இதைத் தொடங்கினால் கதை முடிந்தது.

8.2-ஐ நீங்கள் மாற்ற வேண்டாம், ஆனால் அவர்கள் எப்படி மாற்றுவார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். பவேரியச் சூத்திரம்: அதிகபட்ச மதிப்பிலிருந்து உங்கள் மதிப்பைக் கழித்து, அதை அதிகபட்சத்துக்கும் தேர்ச்சிக்கான குறைந்தபட்சத்துக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, 3-ஆல் பெருக்கி, 1 கூட்டணும். அங்கே 1 தான் உச்சம், 4 கடைசித் தேர்ச்சி. தேர்ச்சி கிரேடு 5 என்றால் உங்களுக்கு 2.08. அதுவே 6 என்றால் 2.35. 2.3 வரைதான் எடுப்போம் என்று ஒரு கல்லூரி கோடு போட்டிருந்தால், அதே 8.2 ஒரு கணக்கில் உள்ளே, இன்னொரு கணக்கில் வெளியே. அண்ணா பல்கலையின் 2017 ரெகுலேஷனில் கடைசித் தேர்ச்சி பி, அதாவது 6. 2021 ரெகுலேஷனில் சி வந்தது, 5. உங்களுடையது தன்னாட்சிக் கல்லூரி; மார்க் ஷீட்டின் பின்பக்கம் என்ன அச்சிட்டிருக்கிறது என்று இன்றைக்கே திருப்பிப் பாருங்கள். அச்சில் இல்லையென்றால் தேர்வுக் கன்ட்ரோலர் அலுவலகத்தில் கிரேடிங் ஸ்கேல் கடிதம் ஒன்று முத்திரையோடு வாங்கி வையுங்கள்.

அடுத்து பாடப் பொருத்தம். மொத்த மார்க்கை மட்டும் பார்க்க மாட்டார்கள். கணிதம், அல்காரிதம், தியரி ஆஃப் கம்ப்யூடேஷன் என்று பிரித்து எத்தனை கிரெடிட் என்று எண்ணுகிற கல்லூரிகள் நிறைய. சிலபஸ் புத்தகத்தைப் பாடம் பாடமாகப் பிடிஎஃப் ஆக்கி வையுங்கள். ஏஐ-டிஎஸ் (செயற்கை நுண்ணறிவு, தரவு அறிவியல்) படிக்கிறவர்கள் தியரி ஆஃப் கம்ப்யூடேஷன் தங்கள் பாடத்திட்டத்தில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

யூனி-அசிஸ்ட் (பல ஜெர்மன் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பத் தளம்) வழியாகப் போனால் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதே பருவத்தில் அடுத்தடுத்து ஒவ்வொன்றுக்கும் 30. குளிர்காலப் பருவத்துக்குப் பொதுவான கடைசித் தேதி ஜூலை 15 என்றாலும் கம்ப்யூட்டர் சயின்ஸில் பல இடங்களில் மே மாதமோ அதற்கு முன்போ மூடிவிடுவார்கள். "ஜெர்மனியில் படிப்பு இலவசம்" என்பதை முழுசாக நம்பாதீர்கள்: பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் நமக்குப் பருவத்துக்கு 1,500 யூரோ, மியூனிக் தொழில்நுட்பப் பல்கலையும் 2024 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களிடம் கட்டணம் வாங்குகிறது. விசாவுக்கு பிளாக்டு அக்கவுன்ட்டில் (மொத்தமாக எடுக்க முடியாத கணக்கு) 11,904 யூரோ போடணும், மாதம் 992 வீதம் உங்களுக்கே திரும்ப வரும். யூரோவை 100 ரூபாயாகக் கணக்கிட்டால் கிட்டத்தட்ட 12 லட்சம், முன்கூட்டியே, ஒரே தொகையாக.

கொடுமுடி_படித்துறை

அமெரிக்காவுக்குப் பல இடங்கள்ல டிசம்பர் 1-லிருந்து 15-க்குள்ள கடைசித் தேதி, சிலது ஜனவரி. சிஜிபிஏ பத்துக்கு எவ்வளவோ அதையே போடுங்க, ஸ்கேல் 10-னு குறிங்க. நாலாலப் பெருக்கிப் பத்தால வகுக்கிற வேலை வேண்டாம். விண்ணப்பிக்கிறப்ப மார்க் ஷீட் ஸ்கேன் போதும்ங்கிற இடங்கதான் அதிகம், சீல் வெச்ச கவர் சீட் கிடைச்ச பிறகுதான் கேட்பாங்க. ஜிஆர்ஈ வேணும்ங்கிறதை நிறையக் காலேஜுங்க நீக்கிட்டாங்க, ஒவ்வொரு துறையோட பக்கத்துலயும் போய்ப் பாருங்க. 'தேவையில்லை'ங்கிறதும் 'விருப்பம்'ங்கிறதும் வேற வேற. ஜிஆர்ஈ மார்க் 5 வருசம் செல்லும். டோஃபல், ஐஈஎல்டிஎஸ்-ங்கிற ஆங்கிலப் பரீட்சை மார்க் 2 வருசம்தான்.

டெஸ்ட்டுக்குப் பதியறதுக்கு முன்ன பாஸ்போர்ட்டை எடுத்துப் பாருங்க. நம்ம ஊர்ல இனிஷியலோட நிறுத்திக்கிறதால சர்நேம் கட்டம் காலியாவே இருக்கும். அப்படியே போனா அமெரிக்க விசாவுல உங்க பேரு சர்நேமாப் போய், பேரு இருக்க வேண்டிய இடத்துல எஃப்என்யு ('முதல் பேர் தெரியாது')ன்னு அடிச்சுக் கொடுப்பாங்க. அதையே வெச்சு அங்க பேங்க், லைசென்ஸ்னு ஒவ்வொரு இடத்துலயும் விளக்கம் சொல்லணும். இப்பவே ரீஇஷ்யூ போட்டு அப்பா பேரைச் சர்நேமாச் சேர்த்துடுங்க, அப்புறமேட்டுத்தான் டெஸ்ட்.

தோப்பு விசயம். சர்ஃபேசி சட்டம் (கோர்ட்டுக்குப் போகாமலே பிணையை பேங்க் கைப்பத்த விடற சட்டம்) விவசாய நிலத்துக்குச் செல்லாதுங்க, பிரிவு 31-லயே விலக்கு இருக்கு. கடன் நின்னா பேங்க் அதை லேசுல கைப்பத்த முடியாது. அதனால படிப்புக் கடனுக்கு விவசாய நிலத்தைப் பிணையா எடுக்க பேங்க்குங்க தயங்கும். வீடு, அங்கீகாரம் வாங்கின சைட்டு, எஃப்டி, இதுல எது இருக்குன்னு அப்பாகிட்ட இப்பவே பேசுங்க. ஐ-20-க்கு (விசாவுக்காக அமெரிக்கக் காலேஜ் தர்ற படிவம்) காட்டுற பணமும் கையில எடுக்கக்கூடியதா இருக்கணும்: பேங்க் இருப்பு, எஃப்டி, சாங்ஷன் ஆன லோன். தோப்புக்கு வேல்யூயர் போட்டுத் தர்ற மதிப்பு அங்க சும்மா துணைக் காகிதம்தான்.

செலவுல பலரும் விடறது: விண்ணப்பக் கட்டணம் காலேஜுக்கு 75-லிருந்து 125 டாலர் வரைக்கும் வருது, எட்டுப் போட்டா அதுவே பெருந்தொகை. செவிஸ் (அமெரிக்காவுல வெளிநாட்டு மாணவர் பதிவு) 350 டாலர், விசாக் கட்டணம் 185. எம்.எஸ்.ஸுக்குப் பொதுவா உதவித்தொகை எதிர்பார்க்காதீங்க. பிஎச்.டி.ன்னா ஃபீஸ் தள்ளுபடி, மாசச் சம்பளம் ரெண்டும் உண்டு. நாலு வருச பி.இ. முடிச்சாலே நேரா அதுக்குப் போடலாம், எம்.இ. வேணும்னு இல்லை. ஆனா ஆராய்ச்சி ஆசை நெசமா இருக்கணும், ஃபீஸ் மிச்சம்னு மட்டும் போடாதீங்க.

ஊத்துக்குளி_வெண்ணெய்

ரொம்ப நன்றிங்க. மார்க் ஷீட்டுப் பின்னால சி, 5-னு போட்டிருக்கு. பாஸ்போர்ட்ல சர்நேம் காலிதான். இங்க எம்.டெக். சேர்றதுக்கான 'கேட்' பரீட்சையும் எழுதி வைக்கலாங்களா, இல்லை ரெண்டுல கால் வைக்கிற மாதிரி ஆயிடுமா?

நொய்யல்கரை

எழுதுங்க கண்ணு. ஆகஸ்ட் கடைசி வாக்குல பதிவு தொறக்கும், பரீட்சை பிப்ரவரியில. அதுக்குள்ள உங்க அமெரிக்க விண்ணப்பமெல்லாம் போயிருக்கும், இடிக்காது. 65 கேள்வி, 3 மணி நேரம், மார்க் 3 வருசம் செல்லும். ஒண்ணு மட்டும்: ஐஐடி-க்கு சிஓஏபி-ங்கிற பொதுத் தளத்துல பதிஞ்சா விண்ணப்பிச்ச மாதிரி ஆகாது. அது வந்த ஆஃபரை ஏத்துக்கிற இடம் மட்டும். வாளையாறு தாண்டி இருக்கிற பாலக்காடா இருந்தாலும் சரி, சென்னையா இருந்தாலும் சரி, அந்தந்த ஐஐடி பக்கத்துல தனித்தனியாப் போடணும். என்ஐடி-க்கு சிசிஎம்டி-ன்னு கவுன்சிலிங் வேற. கேட் மார்க்கோட எம்.டெக். சேர்ந்தா மாசம் 12,400 ரூபாய் வரும்.

சர்நேமுக்கு: பாஸ்போர்ட் சேவா தளத்துல ரீஇஷ்யூ, காரணம் 'சொந்த விவரத்தில் மாற்றம்'. சாதாரண முறையில 36 பக்கத்துக்கு 1,500 ரூபாய். ஆதார்ல பேரு எப்படி இருக்குன்னு முதல்ல பாருங்க, அதுல இனிஷியலா இருந்தா அதை விரிச்சு வாங்கிட்டு அப்புறம் கோவைக்கு அப்பாயின்ட்மென்ட் போடுங்க.