ஐயாவின் வாழ்க்கைக் குறிப்பு: வயதை எப்படி உறுதி செய்வது, எதை எழுதுவது?

கேள்வி (மூத்த பேரன்):

ஓரியூருக்கு அருகிலுள்ள சிற்றூரில் ஆயுள் முழுவதும் மானாவாரி நெல்லும் முண்டு மிளகாயும் பயிரிட்டு வாழ்ந்த எங்கள் ஐயா சென்ற மாதம் இறைவனில் இளைப்பாறினார். நினைவுத் திருப்பலியன்று உறவினர்களுக்குக் கொடுக்க அவருடைய வாழ்க்கைக் குறிப்பை நான்கு பக்கத்தில் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. ஆதார் அட்டையில் பிறந்த ஆண்டு 1945 என்று இருக்கிறது. ஆனால் "அருளானந்தருக்குப் புனிதர் பட்டம் கொடுத்த வருஷம்தான் எனக்குப் புதுநன்மை" என்று, முதன்முதலாக நற்கருணை வாங்கியதைப் பற்றி ஐயா பலமுறை சொல்லியிருக்கிறார். எதை அச்சிடுவது?

இன்னொன்று. எப்படி எழுதினாலும் "பக்தியானவர், உழைப்பாளி, பாசமுள்ள தந்தை" என்றே முடிந்துவிடுகிறது. அது யாருக்கும் பொருந்தும். எனக்கு நினைவில் நிற்பது புழுதி விதைப்பு நாள்தான். ஓரியூரிலிருந்து கொண்டுவந்த செம்மண்ணில் ஒரு சிட்டிகையை விதைப்பெட்டியில் தூவி, நெல்லின் மேல் கட்டைவிரலால் சிலுவை வரைந்த பிறகுதான் முதல் கைப்பிடியை வீசுவார். கோயிலில் கொடுக்கும் குறிப்பில் இதை எழுதலாமா?

பதில் 1:

அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ என்ற சேசு சபைக் குரு) புனிதராக அறிவிக்கப்பட்டது 1947 ஜூன் 22 அன்று. பொதுவாக ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் புதுநன்மை கொடுப்பதில்லை என்பதால், உங்கள் ஐயா 1940-க்குப் பிறகு பிறந்திருக்க முடியாது. ஆதாரில் உள்ளது பிழை. உறுதிசெய்ய வேண்டுமானால் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பாருங்கள். அதில் பிறந்த நாளும் பெற்றோர், ஞானப்பெற்றோர் பெயர்களும் இருக்கும். பிற்காலத்தில் நடந்த திருமணத்தையும் அந்தப் பதிவின் ஓரத்திலேயே குறித்து வைப்பது திருச்சபையின் முறை. உங்கள் பங்கு (ஒரு பங்குத்தந்தையின் பொறுப்பில் உள்ள கோயில் வட்டாரம்) வேறொரு பங்கிலிருந்து பிரிந்ததாக இருந்தால், பழைய ஏடு தாய்ப்பங்கில்தான் கிடைக்கும். அக்காலத்துப் பதிவுகள் லத்தீனில் இருக்கக்கூடும் என்பதையும் மனத்தில் வையுங்கள்: ராயப்பன் என்று தேடினால் கிடைக்காது, பேத்ருஸ் என்று இருக்கும், சின்னப்பன் பவுலுஸ் ஆகவும், சந்தியாகு யாக்கோபுஸ் ஆகவும் இருப்பார்கள்.

பதில் 2 (ஓய்வு பெற்ற ஆசிரியை):

தம்பி, விதைப்பெட்டியைத்தான் முதலில் எழுத வேண்டும். மழை வருவதற்கு முன்பே காய்ந்த புழுதியில் விதையைப் போட்டுவிட்டு, ஐப்பசி வரை வானத்தைப் பார்த்திருக்கும் சம்சாரிக்குச் செபமும் வெள்ளாமையும் வேறு வேறாக இருந்ததில்லை. 1693 பிப்ரவரி 4 அன்று அருளானந்தர் ஓரியூரில் தலை வெட்டுண்டு இறந்தார். அவருடைய இரத்தத்தால்தான் அந்த மண் சிவந்தது என்று நம் மக்கள் நம்புகிறார்கள். அவருடைய திருநாள் தை மாதக் கடைசியில், நெல் அறுவடை நேரத்தில் வருகிறது. உங்கள் ஐயா புது நெல்லோடு ஓரியூருக்கு நடந்து போயிருப்பார் என்றே நினைக்கிறேன். வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

அவர் சொன்ன சொற்களை மாற்றிவிடாதீர்கள் என்பது என் வேண்டுகோள். அவர் கடவுளைச் சர்வேசுரன் என்று சொல்லியிருந்தால் சர்வேசுரன் என்றே இருக்கட்டும். பூசையைத் திருப்பலி என்றும் ஞானஸ்நானத்தைத் திருமுழுக்கு என்றும் திருத்தினால், பேசுவது உங்கள் ஐயாவாக இருக்காது. தேதி தெரியாதவற்றை அப்பத்தாவிடம் புயலையும் பஞ்சத்தையும் வைத்துக் கேளுங்கள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலின்போது எந்தப் பிள்ளை கைக்குழந்தை என்று கேட்டால் உடனே சொல்லிவிடுவார்.

மூத்த பேரன்:

இருவருக்கும் நன்றி. நேற்று இரவு அப்பத்தாவிடம் கேட்டேன். அந்தப் புயலில் மூத்த அத்தை எட்டு மாதக் குழந்தையாம். குழந்தையை அப்பத்தாவின் கையில் கொடுத்துக் கோயிலுக்குள் உட்காரவைத்துவிட்டு, ஐயா கொட்டும் மழையில் வீட்டுக்குத் திரும்பிப் போய்ச் சாப்பாட்டு நெல் மூட்டையைத் தலையில் சுமந்து வந்திருக்கிறார். "பிள்ளையை விட நெல்லா பெருசு?" என்று அன்று அப்பத்தா திட்டினாராம். வயலில் நின்ற பயிர் அழிந்துபோன அந்தத் தை மாதத்தில் எங்கள் தெருவில் நான்கு வீடுகள் அந்த மூட்டையில்தான் கஞ்சி குடித்தன. ஐயா மரக்காலால் அளந்து கொடுத்தாராம், கணக்கு எழுதவில்லையாம். அறுபது ஆண்டுகளில் ஐயா இதை ஒருநாள்கூட எங்களிடம் சொன்னதில்லை.

ஓரியூருக்கு நடந்து போனதைப் பற்றியும் கேட்டேன். முழங்கால் வலி வரும்வரை ஒரு வருஷமும் தவறவில்லை என்றார். ஞாயிறு பூசை முடிந்ததும் தாய்ப்பங்கின் பங்குத்தந்தையைப் பார்க்கப் போகிறேன். அதுவரை வயதுக்கான இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.