முதல் மலே இன்ஜின் யாருடையது?

கொதிகலன்
பெரிய இன்ஜின்கள் பற்றிய இழையில் ராட்சசன்4014 நேற்று எழுதியது இது: "மாலெட் என்றால் அமெரிக்கா. 1904இல் பால்டிமோர் அண்டு ஒஹையோ ரயில்வே ஓடவிட்டதுதான் ஆரம்பம். அதற்கு முன் பிரான்ஸ் கிராமங்களில் ஓடியதெல்லாம் பொம்மை."

படித்ததிலிருந்து எரிகிறது. அதனால்தான் தனி இழை. அவர் "மாலெட்" என்று எழுதுவது மலே வகை நீராவி இன்ஜினை: பாய்லர் ஒன்று, கீழே சக்கரங்களைத் தாங்கும் இரும்புச் சட்டங்கள் இரண்டு, முன்சட்டம் வளைவில் திரும்பும்.

அனத்தோல் மலே 1837இல் ஜெனீவா பக்கத்தில் பிறந்தவர். பாரிஸில் பொறியியல் படித்து, பிரான்ஸில் வேலை பார்த்தவர். ஒரு சிலிண்டரில் வேலை செய்து முடித்த நீராவியை இன்னொரு பெரிய சிலிண்டருக்கு அனுப்பி மறுபடி வேலை வாங்கும் கூட்டு முறையை 1876இலேயே பயோன்–பியாரிட்ஸ் பாதையின் சின்ன இன்ஜின்களில் செய்து காட்டிவிட்டார். 1884இல் இரண்டு சட்டம் கொண்ட இன்ஜினுக்குக் காப்புரிமை வாங்கினார். அந்த முறையில் முதலில் ஓடியவை 60 செ.மீ. அகலப் பாதைக்கான, பிரான்ஸின் தெகோவில் கம்பெனியின் இன்ஜின்கள். 1889 பாரிஸ் கண்காட்சியில் சுமார் 3 கி.மீ. பாதையில், ஆறே மாதத்தில் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களை ஏற்றிச் சென்ற ரயில் அது. அமெரிக்காவின் முதல் மலே வந்தது அதற்கு 15 வருடம் கழித்து. முதல் மலே பிரெஞ்சு இன்ஜின். இதில் பேச ஒன்றும் இல்லை.

பட்டறைவாசி
பேச இருக்கிறது. அமெரிக்கா முதல் இல்லை என்பது சரி. ஆனால் அந்த முதல் மலே பிரான்ஸில் கட்டப்பட்டதே இல்லை. பெல்ஜியத்தில், துபீஸ் பட்டறையில் கட்டினார்கள். தெகோவில் ஆர்டர் கொடுத்தது, அவ்வளவுதான். இரும்பை வெட்டியவன், ரிவெட் அடித்தவன், பாய்லரைச் சோதித்தவன் எல்லாரும் பெல்ஜியக்காரர்கள். உங்கள் பதிவில் துபீஸ் என்ற சொல்லே இல்லை. வேண்டுமென்றே விட்டீர்களா, தெரியாமல் விட்டீர்களா?

கொதிகலன்
தெரியும். தேவையில்லை என்பதால் விட்டேன். ஒரு வீட்டுக்குக் கொத்தனார் யார் என்று யாரும் கேட்பதில்லை, வீடு யாருடையது என்றுதான் கேட்பார்கள். யோசனை மலேயுடையது. ஆர்டரும் விற்பனையும் தெகோவிலுடையது. ஓடியது பாரிஸில். முதல் மலே பிரெஞ்சு இன்ஜின்.

பட்டறைவாசி
துபீஸ்.

புதுவை_வாசகி
கொதிகலன் அண்ணா, பெயரைச் சரியாக எழுதியதற்கு நன்றி. அந்தப் பெயரில் கடைசி 'ட்' ஒலிக்காது, 'மலே' என்பதுதான் சரி. "மாலெட்" என்று எழுதினால் மரச்சுத்தியல் என்று ஆகிவிடும். அதே மாதிரி தெகோவில். இந்தக் குழுவின் பழைய பதிவுகளில் "டெகாவில்லே" என்று இருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கஷ்டப்படுகிறது.

ராட்சசன்4014
உச்சரிப்பு வகுப்பு நடத்தவா வந்தோம்? அமெரிக்கக்காரர்கள் "மாலி" என்றே சொல்வார்கள், அவர்களிடம் போய்த் திருத்துங்கள். நான் பொம்மை என்று சொன்னதில் மாற்றமில்லை. என் பெயரில் இருக்கும் 4014 அமெரிக்காவின் யூனியன் பசிபிக் ரயில்வேயின் ராட்சத இன்ஜின், பிக் பாய். 1941இல் வந்த மலே வம்சம். 2019இல் மறுபடி ஓட வைத்தார்கள். அதன் டெண்டர் (எரிபொருளும் தண்ணீரும் சுமக்கும் பின்வண்டி) ஒன்று போதும், உங்கள் தெகோவில் வண்டி அத்தனையையும் உள்ளே வைத்து மூடிவிடலாம்.

கொதிகலன்
இதற்காகத்தான் இரண்டு வருடமாக உங்களுடன் மல்லுக்கு நிற்கிறேன். பிக் பாய் மலே இல்லை. அதன் நான்கு சிலிண்டருக்கும் பாய்லரிலிருந்து நேரடி நீராவிதான் போகிறது. கூட்டு முறை அதில் கிடையாது. மலேயின் கருத்தே பின் சிலிண்டர்களில் உயர் அழுத்தம், முன் சிலிண்டர்களில் தாழ் அழுத்தம் என்பது. பின்சட்டம் பாய்லரோடு இறுக்கமாக நிற்கும். முன்சட்டம் வளைவில் திரும்பும். திரும்புகிற பக்கத்துக்குப் போகிற நீராவி ஏற்கெனவே அழுத்தம் குறைந்தது, அதனால் அசையும் குழாய் இணைப்பில் கசிவு கட்டுக்குள் இருக்கும். அழகே அங்கேதான். போன வருடமும் இதை உங்களுக்கு எழுதினேன். நீங்கள் படிக்கவில்லை.

ராட்சசன்4014
வளைந்து திரும்பும் சட்டம் இருக்கிறதா இல்லையா? இருக்கிறது. அப்புறம் என்ன?

பட்டறைவாசி
பிக் பாய் பற்றிய சண்டையை இருவரும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். என் கேள்விக்குப் பதில் வரவில்லை. முதல் மலே எந்த ஊர்ப் பட்டறையில் கட்டப்பட்டது?

ஓரத்து_ஸ்டேஷன்
நான் பொதுவாக எழுதுவதில்லை. ஆனால் எல்லாரும் கிராமத்துப் பாதைகளை மறந்துவிட்டீர்கள், அது வருத்தமாக இருக்கிறது. 1880 ஜூன் 11ஆம் தேதிச் சட்டத்துக்குப் பிறகுதான் பிரான்ஸில் மாவட்டத்துக்கு மாவட்டம் இந்தச் சின்னப் பாதைகள் பெருகின. மீட்டர்கேஜ்தான் பெரும்பாலும். சாலையோரமாகவே தண்டவாளம் போட்டு, ஊருக்குள் கடைத்தெரு வழியாகவே போகும். அதில் ஓடியவை முக்கால்வாசி மலே இல்லை. மூன்று அச்சு கொண்ட, தண்ணீர்த் தொட்டியைத் தன் மேலேயே சுமக்கும் சாதாரண டாங்க் இன்ஜின்கள். கோர்ப்பே-லூவே, பாங்குலி போன்ற கம்பெனிகள் கட்டியவை. தெகோவிலின் கதையே சர்க்கரை பீட்ரூட் வயலில் தொடங்கியது. சேற்றில் மாட்டு வண்டி இறங்க முடியாமல் போனதால், துண்டு துண்டாகத் தூக்கிப் போடக்கூடிய தண்டவாளத்தை 1870களின் நடுவில் போல் தெகோவில் என்பவர் கொண்டுவந்தார். பித்திவியே–தூரி பாதை 60 செ.மீ. அகலத்தில் 1892இல் வந்தது. 1964 முடியும் வரை பீட்ரூட் சுமந்தது. முதல் உலகப் போரில் சோம் போர்முனைக்காகப் போட்ட ஃப்ருவாசி பாதையும் போருக்குப் பின் சர்க்கரை ஆலைக்குத்தான் உழைத்தது. அந்த வண்டிகளைப் பற்றிப் பேசலாமே. "பிரெஞ்சு இன்ஜின்" என்றால் வடிவமைத்த நாடா, கட்டிய நாடா, ஓடிய நாடா என்று முதலில் முடிவு செய்தால் பாதிச் சண்டை தீரும்.

கொதிகலன்
நல்ல பதிவு. ஆனால் அப்படி முடிவு செய்ய ஒன்றுமே இல்லை. முதல் மலே பிரெஞ்சு. ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், அந்தத் தேவை பிரெஞ்சுத் தேவை. தெகோவில் தண்டவாளம் மீட்டருக்கு 9.5 கிலோதான் எடை. ஓர் அச்சுக்குச் சுமார் 3 டன்னுக்கு மேல் ஏற்ற முடியாது. பலமான இன்ஜின் வேண்டும், எடை பரவவும் வேண்டும், கூர்மையான வளைவிலும் திரும்ப வேண்டும். நான்கு அச்சை ஒரே சட்டத்தில் வைத்தால் வளைவில் தண்டவாளத்தையே தள்ளிவிடும். இரண்டாகப் பிரித்ததுதான் மலேயின் பதில். பெரிய மலைப்பாதைக்குப் பிறந்த யோசனை இல்லை இது, லேசான தண்டவாளத்துக்குப் பிறந்த யோசனை. பிறகுதான் 1890இல் சுவிட்சர்லாந்தின் கோத்தார்ட் மலைப்பாதைக்குப் பெரிய மலே வந்தது. பெரியது சின்னதிலிருந்து வந்தது. பொம்மை என்று சொல்பவர்கள் இந்த ஒரு வரியை மட்டுமாவது மனதில் வாங்க வேண்டும்.

நான் 2017இல் பிரான்ஸில் தூர்னோன் ஊருக்கே போய் மலே இன்ஜினைப் பார்த்திருக்கிறேன். தூர்னோன்–லமாஸ்த்ர் பாதை 1891இல் திறந்தது, 1968இல் மூடப்பட்டது, மறு வருடமே ஆர்வலர்கள் கையில் எடுத்து ஓட்டத் தொடங்கினார்கள். மேடையில் நின்று இன்ஜினின் முகத்துக்கு ஒரு முழ தூரத்தில் பார்த்தேன். முன்பக்கத் தாழ் அழுத்த சிலிண்டர் பால் கேனை விடப் பெருத்து, சதுரமாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது. பின்னால் இருக்கிற சிலிண்டர் அதன் தம்பி மாதிரி. கிளம்பும்போது முதல் இரண்டு சுற்றுக்கு முன்னும் பின்னும் தாளம் சேரவில்லை, அப்புறம் சேர்ந்தது. வளைவில் கடைசிப் பெட்டியின் திறந்த மேடையிலிருந்து பார்த்தால் பாய்லர் ஒரு பக்கம் போகிறது, முன்சக்கரங்கள் வேறு பக்கம் போகின்றன. என் மகள் "அப்பா, அது கழன்றுவிட்டது" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். பொம்மையாம்.

பட்டறைவாசி
நீங்கள் தூர்னோனில் பார்த்த மலே எங்கே கட்டியது என்று அதன் பெயர்த்தட்டைப் படித்தீர்களா? 403, 404 எண் இன்ஜின்கள் இரண்டும் சுவிட்சர்லாந்தில், விண்டர்தூரில் கட்டியவை. முதலில் பெல்ஜியம், அப்புறம் சுவிட்சர்லாந்து. பிரான்ஸ் எங்கே?

கொதிகலன்
413, 414 இரண்டும் 1932இல் எஸ்.ஏ.சி.எம். கட்டியவை. அது பிரெஞ்சுக் கம்பெனி. ஒரு பக்கத்தை மட்டும் படித்துக் காட்டுவது உங்கள் வழக்கம்.

பட்டறைவாசி
1932! நாம் பேசுவது முதல் மலே பற்றி. முதல் மலே துபீஸ். நான் 31 வருடம் லேத் ஓட்டியவன். ஒரு சிலிண்டரைக் குடைந்து, அதன் வட்டம் சரியா என்று விரலால் தடவிப் பார்ப்பவனுக்குத்தான் அது யாருடைய இன்ஜின் என்று தெரியும். காகிதத்தில் வரைந்தவர் பெயர் நிற்கிறது, செய்தவன் பெயர் போய்விடுகிறது. நான் வேலை பார்த்த இடத்தில் நாங்கள் செய்த பம்புகள் மேல் வேறொரு கம்பெனி பெயரை ஒட்டி அனுப்புவார்கள். அதனால் இது எனக்குச் சின்ன விஷயம் இல்லை.

அச்சு_எண்ணி
020+020 என்று எழுதுங்கள். இந்த இழையில் ஒருவர்கூட இன்ஜின் வகையைப் பிரெஞ்சு முறையில் எழுதவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் அச்சை எண்ணுவார்கள், ஆங்கில முறையில் சக்கரத்தை எண்ணுவார்கள். தெகோவில் மலே 020+020, ஆங்கில முறையில் 0-4-4-0. ஓரத்து_ஸ்டேஷன் சொன்ன மூன்று அச்சு வண்டி 030. ஒரு சிறுபத்திரிகைக்கு நான் எழுதிய கட்டுரையில் 030 என்று இருந்ததை அச்சுப்பிழை என்று நினைத்து 300 என்று மாற்றிப் போட்டார்கள். திருத்தம் கேட்டு மூன்று கடிதம் எழுதினேன், பதில் இல்லை.

ராட்சசன்4014
பிக் பாய் 4-8-8-4. இதை எந்த முறையில் எழுதினாலும் பெரியதுதான்.

அச்சு_எண்ணி
பிரெஞ்சு முறையில் 240+042.

புதுவை_வாசகி
பட்டறைவாசி ஐயா, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் துபீஸ் என்பதில் 'து' சரியாக ஒலிக்க உதட்டைக் குவிக்க வேண்டும். தமிழில் அந்த ஒலி இல்லை. "டியூபைஸ்" என்று யாரும் மாற்றிவிடாமல் இருந்தால் போதும்.

கொதிகலன்
லேத் பற்றி மரியாதை உண்டு ஐயா. ஆனால் கட்டியவனுக்கே இன்ஜின் சொந்தம் என்றால், முதல் உலகப் போரில் பிரெஞ்சு ராணுவத்தின் 60 செ.மீ. பாதையில் ஓடிய பெஷோ-பூர்தோன் இன்ஜின்கள் எல்லாம் அமெரிக்க இன்ஜின்களா? சுமார் 280 இன்ஜின்களை அமெரிக்காவில் பால்டுவின் கம்பெனி கட்டிக் கொடுத்தது. வடிவம் பிரெஞ்சு ராணுவ அதிகாரி பெஷோவுடையது. அதை அமெரிக்க இன்ஜின் என்று ஒருவரும் சொல்லவில்லை. நீங்களும் சொன்னதில்லை, பழைய இழையைத் தேடிப் பார்த்தேன்: "பிரெஞ்சு இரட்டை பாய்லர் இன்ஜின்" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

ராட்சசன்4014
பால்டுவின் கட்டியதா? அப்படியானால் அமெரிக்க இன்ஜின்தான். நன்றி.

பட்டறைவாசி
பழைய இழையைத் தோண்டாதீர்கள். அங்கே எழுதியது வேறு பேச்சில். அதில் இரண்டு பாய்லர், இங்கே ஒன்று. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

கொதிகலன்
சம்பந்தம் இருக்கிறது. நீங்கள் ஒரே அளவுகோலை இரண்டு இடத்தில் இரண்டு விதமாகப் பிடிக்கிறீர்கள். மலே யோசித்தார், தெகோவில் விற்றார், பாரிஸில் ஓடியது. கண்காட்சிக் கூட்டத்தினர் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டாதிருக்கப் பல மொழிகளில் எச்சரிக்கைத் தட்டிகள் ஒட்டினார்கள். அந்தக் கூட்டத்தில் ஒருவராவது "இது பெல்ஜிய ரயில்" என்று சொல்லியிருப்பாரா?

பட்டறைவாசி
சொல்லியிருக்க மாட்டார், ஏனென்றால் தட்டில் தெகோவில் என்று இருந்தது. நான் சொல்வதும் அதுதான்!

ஓரத்து_ஸ்டேஷன்
பித்திவியேவில் 1966இலேயே அருங்காட்சியகம் அமைத்துவிட்டார்கள், பழைய பாதையில் கொஞ்ச தூரம் நீராவி வண்டியும் ஓட்டினார்கள். அதைப் பற்றி ஒரு நீண்ட பதிவு எழுதி வைத்திருக்கிறேன். இந்த இழையில் போடட்டுமா, தனியாகப் போடட்டுமா?

கொதிகலன்
தனியாகப் போடுங்கள். இங்கே இன்னும் முடியவில்லை. பட்டறைவாசி ஐயா, 1884 காப்புரிமை எந்த நாட்டில் எடுக்கப்பட்டது? அதை மட்டும் சொல்லுங்கள்.

பட்டறைவாசி
பிரான்ஸில். காகிதம் பிரான்ஸில். இரும்பு துபீஸில்.

அச்சு_எண்ணி
மேலே ஒருவர் இன்னும் 4-8-8-4 பாணியையே பிடித்துக்கொண்டிருக்கிறார்.

ராட்சசன்4014
மாலெட்.

புதுவை_வாசகி
மலே.