13 டீமுக்கு ஆடியவர் நல்ல பவுலரா, இல்லையா?

கோத்தகிரி சீமர்:
வணக்கம் நண்பர்களே. டென்னிஸ் பால் டோர்னமென்ட்டில் கடைசி ஓவர் போடுகிறவன் நான். இங்கே மழை பிடித்துக்கொண்டால் கிரவுண்ட் பக்கமே போக முடியாது, அந்த நாட்களில் பேஸ்பால் பார்க்கத் தொடங்கி, ஆட்டத்தின் பின்பாதியில் வந்து போடுகிற ரிலீஃப் பிட்சர்கள் மேல் பைத்தியமாகிவிட்டேன். டொமினிகன் குடியரசின் ஆக்டாவியோ டோட்டெல் 1999இல் நியூயார்க் மெட்ஸில் தொடங்கி 2013இல் டெட்ராய்ட்டில் முடிப்பதற்குள் 13 டீம் பார்த்துவிட்டார். 2010இல் மட்டும் பிட்ஸ்பர்க், லாஸ் ஏஞ்சலஸ், கொலராடோ என்று மூன்று. யாருமே கையில் வைத்துக்கொள்ளவில்லை என்றால் ஏதோ குறை இருக்கிறது என்றுதானே அர்த்தம்? எங்கள் பக்கம் டீம் மாறுகிறவனை அப்படித்தான் பேசுகிறார்கள்.

குன்னூர் ராஜு:
தம்பி, முதலில் ஒன்று. அங்கே டீம் மாறுவது பெரும்பாலும் ஆடுகிறவன் கையில் இல்லை. ஒப்பந்தம் இருக்கும்போதே ஒரு டீம் அவனை இன்னொரு டீமுக்குக் கொடுத்துவிட்டு பதிலுக்கு வேறு ஆட்களை வாங்கிக்கொள்ளலாம். ஜூலை கடைசி வந்தால் கோப்பைக்குப் போட்டியிடும் டீம்கள் எல்லாம் ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில் ஏழாவது எட்டாவது இன்னிங்ஸ் போட ஆள் தேடும், தோற்றுக்கொண்டிருக்கும் டீம்கள் கொடுத்துவிடும். நம் ஊரில் செமி ஃபைனலுக்கு மட்டும் கெஸ்ட் பிளேயரைக் கூப்பிடுகிறோமே, அதே கதைதான். வேண்டாதவனை யாராவது கூப்பிடுவார்களா? அதோடு ஹூஸ்டன் அவரை 2000 முதல் 2004 பாதி வரை வைத்திருந்தது. 2004இல் ஹூஸ்டனும் ஓக்லண்டும் சேர்த்து 36 சேவ், அதாவது கடைசியில் வந்து தன் டீமின் சிறிய முன்னிலையைக் காப்பாற்றி முடித்த ஆட்டங்கள்.

கொடை லெஃப்டி:
அந்த ஹூஸ்டன் காலத்தில்தான் 2003 ஜூன் 11 வருகிறது. நியூயார்க் யாங்கீஸ் மைதானத்தில் ஹூஸ்டனின் தொடக்க பிட்சர் ராய் ஆஸ்வால்ட் இரண்டாவது இன்னிங்ஸிலேயே காயத்தோடு வெளியேற, ஐந்து ரிலீஃப் பிட்சர்கள் மாறி மாறிப் போட்டு யாங்கீஸுக்கு ஒரு ஹிட் (பந்தை அடித்து பேஸ் சேர்வது) கூடக் கொடுக்கவில்லை. எட்டாவது இன்னிங்ஸ் டோட்டெலுடையது. அதில் நான்கு ஸ்ட்ரைக்-அவுட், அதாவது மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை வீழ்த்துவது! மூன்று அவுட்டில் முடிய வேண்டிய இன்னிங்ஸில் நான்கு எப்படி என்றால், யாங்கீஸ் பேட்டர் சொரியானோ மூன்றாவது ஸ்ட்ரைக்கைச் சுற்றிக் கோட்டைவிட்டார், ஆனால் பந்து கேட்சருக்கும் பிடிபடாமல் ஓடிவிட்டதால் அவர் முதல் பேஸுக்கு ஓடிச் சேர்ந்துவிட்டார். பிட்சர் கணக்கில் ஸ்ட்ரைக்-அவுட், ஆனால் ஆள் அவுட் இல்லை. இன்னொருவனாக இருந்தால் அங்கேயே தளர்ந்திருப்பான். இவர் அடுத்து ஜீட்டரையும் ஜியாம்பியையும் தூக்கினார்.

கோத்தகிரி சீமர்:
அண்ணா, புல்லரிக்கிறது. அப்போ குறையே இல்லையா?

குன்னூர் ராஜு:
இருந்தது. வலது கை பேட்டர்களை வேகப்பந்தாலும் ஸ்லைடராலும் (கடைசி நேரத்தில் பக்கவாட்டில் விலகும் பந்து) திணறடிப்பார், இடது கைக்காரர்கள் நன்றாக அடித்துவிடுவார்கள். 2005இல் முழங்கையில் பெரிய ஆபரேஷன் வேறு. அதற்கப்புறமும் எட்டு வருடம் ஆடியிருக்கிறார், அதைப் பாருங்கள். 2011 ஜூலையில் டொராண்டோ அவரை செயின்ட் லூயிஸுக்குக் கொடுத்தது, அந்த வருடமே பேஸ்பாலின் இறுதிப் போட்டியான உலகத் தொடர் கோப்பை. அதே பேரத்தில் கூட வந்தவர் எட்வின் ஜாக்சன், 2019இல் 14ஆவது டீமுக்கு ஆடி டோட்டெலின் சாதனையை முந்தியவர்! டோட்டெல் 2025 ஏப்ரலில் சாண்டோ டொமிங்கோவில் ஒரு நைட் கிளப் கூரை இடிந்து விழுந்ததில் இறந்துபோனார், 51 வயது. உங்கள் ஊரில் யாராவது டீம் மாறுகிறாய் என்று பேசினால் அந்த எட்டாவது இன்னிங்ஸைப் போட்டுக் காட்டுங்கள் தம்பி.