புதுப்பிப்பு: மாவுப்பூச்சி வளர்ப்பில் பரங்கிக்காய் அழுகல் நின்றுவிட்டது

பயிர்ச் சாற்றை உறிஞ்சும் மாவுப்பூச்சியைத் தின்று அழிக்கும் பொறிவண்டுகளை வளர்க்கிறோம். அவற்றுக்கு இரையாக மாவுப்பூச்சி வளர்க்கும் பரங்கிக்காய்கள் பத்தே நாளில் அழுகுகின்றன என்று கேட்டிருந்தேன். பதில் தந்த எல்லோருக்கும் நன்றி.

பலன் தந்தது மெழுகு யோசனைதான். லிட்டருக்கு 1 கிராம் கார்பென்டசிம் 50 என்ற பூஞ்சணக்கொல்லித் தூள் கலந்த கரைசல் முன்பே போட்டதுதான்; அதனால் மட்டும் அழுகல் நிற்கவில்லை. காய்களைப் புரட்டிப் பார்த்தால் அழுகல் எல்லாமே காம்பு வெட்டிலோ நகம் பட்ட கீறலிலோதான் தொடங்கியிருந்தது. இப்போது காம்பை இரண்டு விரற்கடை விட்டு வெட்டி, கழுவி, கரைசலில் முக்கி, நிழலில் நன்றாக உலர்த்தியபின் வெட்டுவாயிலும் கீறல்களிலும் உருக்கிய பாரஃபின் மெழுகைத் தடவுகிறோம். ஈரத்தின் மேல் தடவினால் மெழுகு பெயர்ந்து வந்துவிடும். இப்படிச் செய்த 12 காய்களில் 11 நாற்பது நாள் தாண்டியும் கெட்டியாக இருக்கின்றன.

வரிப்பள்ளம் உள்ள முற்றிய காயையே வாங்குங்கள். மாவுப்பூச்சிக் குஞ்சுகள் அந்தப் பள்ளத்தில்தான் அடைகின்றன. வழவழப்பான காயில் பாதி உதிர்ந்துவிடும். எறும்புக்கு, கூண்டுக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தியதே போதும்.

எதிர்பாராதது ஒன்று: மாவுப்பூச்சியை மட்டும் பெருக்கும் தாய்க் கூண்டில் பூச்சி திடீரெனக் குறைந்தது. உள்ளே நாங்கள் வளர்க்கும் பொறிவண்டான கிரிப்டோலீமஸின் புழுக்கள்! அவையும் வெள்ளை மெழுகு இழை போர்த்தி மாவுப்பூச்சி போலவே இருக்கும். தூரிகையால் தொட்டுப் பாருங்கள்: விறுவிறுவென ஓடினால் அது வண்டின் புழு. வண்டு அறையில் புழங்கிய தூரிகையைத் தாய்க் கூண்டுக்குள் விடவே கூடாது.