பொருள்: 'அசிஸ்டட் அக்சஸ்' – தமிழ் என்ன?

கிளிநொச்சியிலிருந்து:
வணக்கம். சிறிய தீவு நாடுகளில் மக்கள் இணையவழி அரச சேவைகளை எப்படிப் பெறுகிறார்கள் என்ற பயிற்சிக் கையேட்டை வெள்ளிக்கிழமைக்குள் தமிழாக்கிக் கொடுக்க வேண்டும். 'அசிஸ்டட் அக்சஸ்' என்ற இடத்தில் நிற்கிறேன். இணையம் பழகாத ஒருவருக்கு இன்னொருவர் பக்கத்திலிருந்து செய்துகொடுப்பது. நேற்று ஒரு கொமினிகேசனில் (தொலைபேசி, இணைய வசதி தரும் கடை) பார்த்தேன். பிறப்புப் பத்திரத்துக்கு வந்த அம்மா ஒருவர், கடைப் பெடியன் ஓ.டி.பி. இலக்கத்தைக் கேட்டதும், கண்ணாடி இல்லாததால் போனையே நீட்டிவிட்டா. அந்த நம்பிக்கையும் சொல்லில் தெரிந்தால் நல்லது.

வவுனியாவிலிருந்து:
'துணைப்பெறுவழி'. எங்கள் பாடநூல்களில் அக்சஸ் 'பெறுவழி'தான். 'அணுகல்' தமிழ்நாட்டு வழக்கு. பெறுவழி வினைத்தொகை, முக்காலமும் அடங்கும்.

கிளிநொச்சியிலிருந்து:
துணைவேந்தர், துணைநூல் போல, இரண்டாம்பட்ச வழி என்றல்லவா படும்?

முல்லைத்தீவிலிருந்து:
பழைய சொல் இருக்கப் புதிதாக ஏன்? தொல்காப்பியக் கற்பியலில் தோழி, பாணன், விறலி என்று பன்னிருவர் 'வாயில்கள்'. தலைவனுக்கும் தலைவிக்கும் நடுவே நின்று காரியம் முடிப்பவர்கள். போர்ட்டலையும் வலைவாயில் என்கிறோம். அந்த வாயிலுக்குள் கூட்டிப்போகும் பெடியனும் வாயிலே. சொல்லே இல்வாய் என்பது முன்பின் மாறிய இலக்கணப்போலி, இல்லத்தின் வாய். அந்த வாய்தான் பேசவும் செய்கிறது, உள்ளேயும் விடுகிறது. ஆகவே 'வாயில்வழிப் பெறுகை'.

புதுக்குடியிருப்பிலிருந்து:
ஐயா கோபிக்க வேண்டாம். எங்கட சனத்துக்கு வாயில் என்றால் வாசல்தான். விதானையாரிட்ட (கிராம அலுவலர்) போய்க் கேட்கிற கிழவிக்கு விளங்காத சொல் கையேட்டில் எதற்கு? 2022 ஜனவரி 15 எரிமலை வெடித்து, பசிபிக் தீவு நாடான டொங்காவின் கடலடி இணையக் கம்பி அறுந்தது. வெளித்தொடர்பு சீராக ஐந்து வாரம். அதே ஆண்டு நவம்பரில் இன்னொரு பசிபிக் தீவு நாடான வனுவாட்டு அரசின் கணினிகள் இணையத் தாக்குதலில் முடங்க, அலுவலர்கள் தாளும் பேனையும் எடுத்தார்கள். கம்பி போனாலும் கணினி போனாலும் மிஞ்சுவது ஆள். சொல்லில் ஆள் தெரியட்டும்: 'ஆள்துணையோடு பெறுதல்'.

வவுனியாவிலிருந்து:
அது சொல்லில்லை, விளக்கம். 'ஆள்துணையோடு பெறுதல் நிலையம்' என்று பெயர்ப்பலகை எழுத முடியுமா?

கிளிநொச்சியிலிருந்து (வெள்ளி காலை):
நால்வர் தனிமடலில் புதுக்குடியிருப்புப் பக்கம். 'ஆள்' இல்லாமல் 'துணையோடு பெறுதல்' என்று போட்டு அனுப்புகிறேன். பலகைக்குச் சொல் இன்னும் கிடைக்கவில்லை.

முல்லைத்தீவிலிருந்து:
ஆளை எடுத்தது பிழை. வாயிலை நான் விடவுமில்லை. அடுத்த பதிப்பு எப்போது?