இலைப்புள்ளி முதல் தூய வளர்ப்பு வரை: பூஞ்சாண நோய் ஆய்வில் சறுக்கும் இடங்கள்
(தாவர நோய் ஆய்வு பற்றிய உரையாடல்; பத்திகளின் மேலே இருப்பவை பேசுவோரின் புனைபெயர்கள்)

இலைப்புள்ளி:
நோயுற்ற இலையை வெட்டி, வளர்ப்பு ஊடகம் (நுண்ணுயிர் வளரும் கூழ்) ஊற்றிய தட்டில் வைத்தால் ஏதோ ஒன்று வளரத்தான் செய்யும். அது நோய்க்காரணியா என்பதில்தான் முனைவர் பட்ட ஆய்வின் பாதித் தலைவலி இருக்கிறது. காய்ந்த புள்ளியின் நடுவில் பெரும்பாலும் மட்குண்ணிகள்தான் (செத்த திசுவைத் தின்று வாழும் பூஞ்சைகள்) இருக்கும். பச்சையும் பழுப்பும் சேரும் விளிம்பில், பாதி நல்ல திசு, பாதி நோய்த் திசு வருமாறு 3 முதல் 5 மி.மீ. துண்டுகளாக வெட்டுங்கள்.

மேற்பரப்புக் கிருமிகளை நீக்க 70% எத்தனாலில் 30 நொடி, 1% சோடியம் ஹைப்போகுளோரைட்டில் (ப்ளீச்) ஒரு நிமிடம், பிறகு கிருமி நீக்கிய நீரில் மூன்று அலசல். மெல்லிய இலைக்கு அரை நிமிடம் போதும்; தடித்த தண்டுக்கு இரண்டு மூன்று நிமிடம் ஆகும். திறந்து நாளான ஹைப்போகுளோரைட் பாட்டிலில் வீரியம் குறைந்திருக்கும், அதை நம்ப வேண்டாம். அலசிய துண்டுகளை வடிதாளில் ஒற்றி எடுக்காமல் வைத்தால் சுற்றிலும் பாக்டீரியா பளபளவென்று படரும். கடைசி அலசல் நீரிலும் 100 மைக்ரோலிட்டரைத் தனித் தட்டில் பரப்பி வையுங்கள். அதில் காலனி வந்தால் மேற்பரப்புக் கிருமிநீக்கம் சரியில்லை என்று தெரிந்துவிடும்.

அகார்தட்டு:
ஊடகத்தைப் பற்றி. பி.டி.ஏ.வுக்கு (உருளைக்கிழங்கு-டெக்ஸ்ட்ரோஸ்-அகார் ஊடகம்) ஒரு லிட்டரில் உருளைக்கிழங்கு 200 கிராம், டெக்ஸ்ட்ரோஸ் 20, அகார் 15 முதல் 20 கிராம். ஆட்டோகிளேவில் (உயர் அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் கலன்) 121 °செ., 15 பவுண்டு அழுத்தம், 15 முதல் 20 நிமிடம். பாக்டீரியாவைத் தடுக்கும் ஸ்ட்ரெப்டோமைசினை ஊடகம் 50 °செ. அளவுக்கு ஆறிய பிறகே சேர்க்க வேண்டும். லாக்டிக் அமிலமும் அப்படித்தான். அமிலத்தை ஆட்டோகிளேவுக்கு முன்பே ஊற்றிவிட்டால் அகார் சிதைந்து, தட்டு கூழாகவே கிடக்கும்.

முதல் பிரித்தெடுப்புக்கே பி.டி.ஏ. வேண்டும் என்பதில்லை. சத்து மிகுந்த ஊடகத்தில் டிரைக்கோடெர்மா, பெனிசிலியம் போன்ற வேகமாக வளரும் பூஞ்சைகள் முந்திக்கொண்டு மெதுவாக வளரும் நோய்க்காரணியை மூடிவிடும். 2% நீர் அகாரில் (சத்து சேர்க்காமல் நீரும் அகாரும் மட்டும்) எல்லாமே மெலிந்து படரும். ஒவ்வொன்றின் இழை நுனியையும் தனித்தனியே வெட்டி எடுக்கலாம்.

துருவித்து:
இது எல்லா நோய்க்கும் பொருந்துமா? துரு நோய்க்கு, சாம்பல் நோய்க்கு?

அகார்தட்டு:
பொருந்தாது. அவை உயிருள்ள செடியில் மட்டுமே வாழ்பவை. சாதாரண ஊடகத்தில் வைத்தால் கூட வந்த ஆல்டர்னேரியா போன்ற வேறு பூஞ்சைதான் வளரும், அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. நோய் தாங்காத ரகத்தின் இளஞ்செடிகளில் மாற்றி மாற்றித் தொற்றவைத்தே பராமரிக்க வேண்டும்.

வேரழுகல்:
வேருக்கு மேலே சொன்ன முறை அப்படியே சரிவராது. இளம் வேரை ஹைப்போகுளோரைட்டில் முக்கினால் வேரழுகலை உண்டாக்கும் பித்தியமும் சேர்ந்து செத்துவிடும். ஓடும் நீரில் நன்றாகக் கழுவி, ஒற்றி, அகாருக்கு அடியில் செருகுங்கள். பாக்டீரியா அடியிலேயே தங்க, இழைகள் மேலே துளைத்து வரும். பித்தியமும் ஃபைட்டோஃப்தோராவும் உண்மையான பூஞ்சைகள் அல்ல, ஊமைசீட்டுகள் (பூஞ்சை போலத் தோன்றும் வேறொரு உயிரினக் குழு). ஊடகத்தில் 10 பி.பி.எம். (லிட்டருக்கு 10 மி.கி.) பெனோமில் என்ற பூஞ்சைக்கொல்லி சேர்த்தால் பூஞ்சைகள் பலவும் அடங்கும், இவை தப்பிக்கும். ஃபைட்டோஃப்தோரா மட்டும் வேண்டுமென்றால் 50 பி.பி.எம். ஹைமெக்ஸசோல் என்ற பூஞ்சைக்கொல்லியையும் சேருங்கள், பித்தியம் பெரும்பாலும் விலகும்.

ஒற்றைவித்து:
தூய வளர்ப்பு (ஒரே பூஞ்சை மட்டும் வளரும் தட்டு) என்று சொல்ல ஒற்றை வித்திலிருந்து (விதை போலப் பூஞ்சையைப் பரப்பும் நுண்துகள்) தொடங்கியிருக்க வேண்டும். நீர்த்த வித்துக் கலவையை நீர் அகாரில் பரப்பி, 12 முதல் 18 மணி நேரத்தில் முளைவிட்ட ஒற்றை வித்தை நுண்ணோக்கியில் பார்த்து அகாரோடு பெயர்த்தெடுங்கள்.

ஃபியூசேரியம் பூஞ்சை வைத்திருப்பவர்கள் பி.டி.ஏ.விலிருந்து பி.டி.ஏ.வுக்கு மாற்றிக்கொண்டே போகாதீர்கள். சில மாற்றங்களிலேயே ஒன்று பஞ்சாகப் பொங்கும், இல்லை வழவழவென்று ஆகிவிடும்; நோயுண்டாக்கும் திறனும் குறையும். முதல் தலைமுறையிலேயே 15 முதல் 20% கிளிசராலில் -80 °செ.யில் சேமியுங்கள். அந்த வசதி இல்லாத இடத்தில், பூஞ்சை படர்ந்த வடிதாள் துண்டுகளை உலர்த்தி -20 °செ.யில் வைத்தாலும் போதும்.

தட்டில் பாக்டீரியா புள்ளிகள் கோலம் போட்டதுபோல வரிசையாக வந்தால் பூஞ்சை தின்னும் நுண்பேன் (மைட்) நடமாடியிருக்கிறது. அந்தத் தட்டைத் திறக்காமலே ஆட்டோகிளேவில் போடுங்கள். ஒரு பேன் பக்கத்துத் தட்டுக்கு ஊர்ந்தால் அடுக்கு முழுதும் கலப்படம்தான்.

இலைப்புள்ளி:
திரும்பத் தொற்றவைத்துப் பார்க்காத வரை நோய்க்காரணி என்று எழுதவே கூடாது. நல்ல செடியில் தெளிக்கும் கலவையில் மி.லி.க்குப் பத்து லட்சம் வித்து. ஹீமோசைட்டோமீட்டரில் (நுண்ணோக்கியில் எண்ணக் கட்டம் போட்ட கண்ணாடி) 1 ச.மி.மீ. கட்டத்தின் சராசரி எண்ணிக்கையை 10,000ஆல் பெருக்கினால் மி.லி. கணக்கு வரும், கட்டத்துக்கு 100 வித்து இருக்கும்படி நீர்க்க வேண்டும். கலவை இலையில் ஒட்டிப் பரவச் சேர்க்கும் ட்வீன்-20 0.05% தாண்டினால் இலையே கருகலாம். தெளித்த பின் 24 முதல் 48 மணி நேரம் பாலித்தீன் உறையில், நேர்வெயில் படாமல் வையுங்கள். வித்து தெளிக்காத கட்டுப்பாட்டுச் செடிக்கும் அதே ட்வீன் நீர், அதே உறை. புள்ளி வந்ததும் மறுபடி பிரித்தெடுத்து மூல வளர்ப்போடு ஒப்பிடுங்கள். கட்டுப்பாட்டுச் செடியிலிருந்தும் துண்டு எடுத்துப் பாருங்கள்.

துருவித்து:
நச்சூட்டிய ஊடக முறையில் (ஊடகத்தில் பூஞ்சைக்கொல்லி கலந்து வளர்ச்சி எவ்வளவு தடைபடுகிறது என்று பார்ப்பது) அடிக்கடி பார்க்கும் பிழை அளவுக் கணக்கு. பி.பி.எம். என்பது வீரியப் பொருளுக்கு. 50% தூளில் 100 பி.பி.எம். வேண்டுமென்றால் லிட்டருக்கு 200 மி.கி. தூள். மருந்து சேர்க்காத கட்டுப்பாட்டுத் தட்டின் வளர்ச்சி ஓரத்தைத் தொடுவதற்கு முன்பே அளந்துவிடுங்கள். அது சுவரில் முட்டி நின்றுவிட்டால் மற்றவை எட்டிப் பிடித்து, தடுப்புச் சதவீதம் குறைவாகத் தெரியும்.

பூஞ்சையின் சுவாசத்தைத் தடுக்கும் அசாக்ஸிஸ்ட்ரோபின் மாதிரி மருந்துகளில் இன்னொரு சிக்கல். தட்டில் பூஞ்சை மாற்றுச் சுவாசப் பாதைக்கு மாறிப் பிழைத்துக்கொள்ளும். எதிர்ப்புத்திறன் வந்துவிட்டது என்று தவறாக எழுதிவிடுவோம். சாலிசைல்ஹைட்ராக்ஸாமிக் அமிலம் 100 பி.பி.எம். சேர்த்து அந்தப் பாதையை அடைக்க வேண்டும். அந்த அமிலமே சில பூஞ்சைகளைத் தடுக்கும் என்பதால் அமிலம் மட்டும் சேர்த்த தட்டும் கட்டாயம்.

ஒற்றைவித்து:
டி.என்.ஏ. பக்கம் ஒரு வரி. கொலெட்டோட்ரைக்கம் என்ற பூஞ்சைக்கு, பூஞ்சைகளை அடையாளம் காண வழக்கமாகப் பார்க்கும் ஐ.டி.எஸ். என்ற டி.என்.ஏ. பகுதி மட்டும் பார்த்து இனப்பெயர் எழுதினால் ஆய்வேட்டுத் தேர்வாளர் விடமாட்டார். ஆக்டின், பீட்டா டியூபுலின், ஜி.ஏ.பி.டி.எச். ஆகிய மரபணுக்கள் எல்லாம் வேண்டும், ஃபியூசேரியத்துக்கு டி.இ.எஃப்.1 மரபணு. தரவுத்தள ஒப்பீட்டில் முதலில் வரும் பெயரை அப்படியே எடுக்காமல், வகைமாதிரி வளர்ப்பின் (இனப்பெயருக்கு ஆதாரமான வளர்ப்பு) டி.என்.ஏ. வரிசையோடு வைத்து மரபுமரம் வரையுங்கள். பொதுத் தரவுத்தளத்தில் தப்பான பெயரோடு கிடக்கும் வரிசைகள் ஏராளம்.