மறு: மவுன்டன் டல்சிமர் - தமிழில் என்ன சொல்லலாம்?

> குறிஞ்சி யாழ் என்றே வைத்துவிடலாமே? மலையும் வந்துவிட்டது, இசையும் வந்துவிட்டது.

ஐயா, கட்டுரை மொழிபெயர்ப்பில் வரும் மவுன்டன் டல்சிமருக்கு, அதாவது அமெரிக்க மலைக்காரர்கள் மீட்டும் ஒரு தந்தி வாத்தியத்துக்கு, நாம் தமிழ்ப் பெயர் தேடுகிறோம். குறிஞ்சி யாழ் கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பழந்தமிழ் இசையில் குறிஞ்சியாழ் என்பது பெரும்பண் (தலைமை ராகம்) ஒன்றின் பெயர். ஏற்கெனவே ஆள் இருக்கிற வீட்டில் இன்னொருவரைக் குடிவைக்க வேண்டாம். தவிர, யாழில் ஒரு நரம்புக்கு ஒரு சுரம். அழுத்தி வாசிக்க மெட்டு (தந்திக்குக் கீழே குறுக்கே பதித்த கட்டை, ஆங்கிலத்தில் fret) கிடையாது. அப்பலாச்சிய மலைக்காரர்களின் டல்சிமரில் இருப்பதே மூன்று, நான்கு தந்திதான். பாட்டு முழுக்க மெட்டின் மேல்தான் ஓடுகிறது.

சந்தூர் (காஷ்மீரத் தந்தி வாத்தியம்) என்று சொன்னவருக்கு: நீங்கள் நினைப்பது இன்னொரு டல்சிமரை. சரிவகப் பெட்டியில் ஏகப்பட்ட தந்திகளைக் கட்டி, சின்னச் சுத்தியல்களால் தட்டுவது. அதற்குச் சந்தூர் சொந்தம்தான். நம்முடையது மடியில் நீளவாக்கில் கிடத்தி மீட்டுவது. ஜெர்மானியக் குடியேறிகள் பென்சில்வேனியாவுக்குக் கொண்டுவந்த ஷைட்ஹோல்ட் என்ற தந்தி வாத்தியம்தான் இதற்கு மூதாதை என்பது பொதுவான கருத்து.

> மடிவீணை?

இது பக்கத்தில் வருகிறது. ஆனாலும் வீணை என்றதும் சரஸ்வதியும் சபா மேடையும் கண்முன் வந்துவிடும். நீங்கள் மொழிபெயர்ப்பது நாட்டுப்புறப் பாடகி ஜீன் ரிச்சியைப் பற்றிய கட்டுரை. 1922-இல் அமெரிக்காவின் கென்டகி மாநிலத்தில் வைப்பர் என்ற சிற்றூரில், பெரிய குடும்பத்தில் கடைக்குட்டியாகப் பிறந்தவர். அப்பா தன் டல்சிமரைத் தொடக்கூடாது என்று சொல்லிவைத்திருக்க, திருட்டுத்தனமாக எடுத்து வாசித்துப் பழகியவர். அது வீட்டுத் திண்ணை வாத்தியம். அதனால் என் வாக்கு டல்சிமருக்கே. கிடாரையும் வயலினையும் அப்படியேதானே சொல்கிறோம்?

தமிழ் தேவைப்படுவது உறுப்புகளுக்கு. 'ட்ரோன் தந்தி' என்று எழுதியிருக்கிறீர்கள். வாசகர் கல்யாண மண்டபத்துக்கு மேலே பறக்கிற கேமராவை நினைத்துக்கொள்வார்! நாகசுரக்காரருக்குப் பக்கத்தில் ஒருவர் ராகம் எதுவும் வாசிக்காமல் சுருதியை மட்டும் பிடித்துக்கொண்டிருப்பாரே, அந்த ஒத்து. பாட்டுத் தந்தி ஒன்றை விட்டால், டல்சிமரின் மற்றத் தந்திகளுக்கு அதே வேலைதான். ஆகவே ஒத்துத் தந்தி. 'ஒத்து ஊதுவது' பேச்சுவழக்கில் கெட்ட பெயர் வாங்கிவிட்டது உண்மைதான். இங்கேயாவது அதற்கு மரியாதை கிடைக்கட்டும்.

இதில் ஒரு வேடிக்கை. தானியேல் புத்தகத்தில் பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சாரின் வாத்தியப் பட்டியலை கிங் ஜேம்ஸ் ஆங்கில வேதாகமம் டல்சிமரில் முடிக்கிறது. அதே இடத்தில் நம் பழைய தமிழ் வேதாகமத்தில் இருப்பது தம்புரு. மூலத்தில் இருப்பது என்ன கருவி என்பதில் அறிஞர்களுக்குள்ளேயே சண்டை. ஆனால் சுருதிக்கென்றே இருக்கிற தம்புரு அங்கே வந்து உட்கார்ந்தது எனக்குப் பிடித்திருக்கிறது.

அடுத்தது மெட்டு. வீணைக்காரர்கள் சொல்லும் சொல், அதையே வைத்துக்கொள்ளலாம். வீணையில் ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு மெட்டு. இதில் ஏழுதான், பியானோவின் வெள்ளைக் கட்டைகளைப் போல. தந்திகளை ச-ப-ச என்று சுருதி கூட்டி, பாட்டுத் தந்தியை எந்த மெட்டிலும் அழுத்தாமல் திறந்தபடி தொடங்கினால் ஹரிகாம்போதி ராகம் கிடைக்கும். ச-ப-ப என்று கூட்டி மூன்றாம் மெட்டிலிருந்து தொடங்கினால் சங்கராபரணம். தொடங்கும் சுரத்தை மாற்றி வேறு பண் எடுப்பதை நம் ஆட்கள் பண்ணுப்பெயர்த்தல் என்று சொன்னது கிட்டத்தட்ட இதைத்தான். பிற்காலத்தில் ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே ஒரு மெட்டைச் சேர்த்தார்கள். இப்போது ச-ப-ச-விலேயே காகலி நிஷாதமும் (உயர்ந்த நி) கிடைக்கிறது. அதை ஆறரை மெட்டு என்றே எழுதுங்கள், அவர்களும் ஆறரை என்றுதான் சொல்கிறார்கள். ஏழரையாக இல்லாமல் போனது நம் அதிர்ஷ்டம்.

---

> எல்லாம் சரி. மெட்டு என்றால் பாட்டின் மெட்டும்தானே? 'மெட்டில் மெட்டு வாசித்தார்' என்று வந்து நிற்கிறது. அப்புறம், பாட்டுத் தந்தியை அழுத்த இடக்கையில் ஒரு குச்சி வைத்திருப்பார்களே, நோட்டர், அதற்கு என்ன?

அந்த வாக்கியத்தில் பாட்டின் மெட்டை 'வர்ணமெட்டு' ஆக்கிவிடுங்கள், பழைய பாட்டுப் புத்தகங்களில் இருக்கிற சொல்தான்.

குச்சிக்கு முதலில் கோட்டு வாத்தியம்தான் நினைவுக்கு வந்தது. ஆனால் அதில் மெட்டே கிடையாது, கட்டை தந்தியின் மேல் வழுக்கிக்கொண்டு போகும். நோட்டர் தந்தியை மெட்டோடு சேர்த்து அழுத்துகிறது. விரல் நீள மரத்துண்டு, சில சமயம் மூங்கில். மெட்டுக்கோல் என்று வைத்துப் பாருங்கள்.

> "இடக்கையில் மெட்டுக்கோல், வலக்கையில் மீட்டுவதற்கு வாத்திறகு. பாட்டுத் தந்தி ஏறி இறங்க, ஒத்துத் தந்திகள் இருந்த இடத்திலேயே முழங்கின." பொருந்துகிறதா?

பொருந்துகிறது. 'முழங்கின' மட்டும் வேண்டாம், அது முரசுக்கு. இது மெல்லிய சத்தம் உள்ள கருவி, 'ரீங்கரித்தன' போதும்.